கோல் கம்பத்துக்குப் பின்னால்

செப்டம்பர் 14, சனி

காலை ஏழு மணிக்கு 13 டிகிரி. இங்கே பாரன்ஹீட்டில்தான் சொல்கிறார்கள். முப்பத்திரண்டைக் கழித்து, ஐந்தால் பெருக்கி, ஒன்பதால் வகுத்து எழுதுகிறேன்.

ஆப்பிள் தோட்டத்துக்குப் போனோம். மகன் லிங்கம், மருமகள் ஹேமா, பேத்தி ஆதிரை, நான். லிங்கத்தின் நண்பர் முரளியும் அவர் மனைவி ரேணுகாவும் தங்கள் வேனில் வந்தார்கள். மரங்கள் குட்டையாக இருக்கின்றன, கையெட்டும் உயரத்தில் காய்க்கின்றன. பறித்துத் தின்ன எனக்குக் கூச்சமாக இருந்தது. யாராவது பார்த்துக் கேட்பார்களோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

லிங்கம் தன் பழைய கேமராவை என்னிடம் கொடுத்துவிட்டான். ஆதிரை பிறந்தபோது வாங்கியது. பாளையங்கோட்டைக் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் ஒளியியல் நடத்தியவன் நான். லென்ஸ் சூத்திரத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ஒரு கேமராவைக் கையில் எடுத்தது இந்த எழுபத்திரண்டாவது வயதில்தான். ஒவ்வொரு படத்துக்கும் எண், துளை அளவு, வேகம் குறித்து வைக்கிறேன். எந்தப் படத்தையும் அழிப்பதில்லை என்று ஒரு விதி. எது தேறும், எது தேறாது என்று சொல்லும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை.

மதியம் புல்லில் உட்கார்ந்து தயிர்சாதம். முரளி சொன்னார்: "அங்கிள், ஆப்பிள் தோட்டத்துக்கு வந்து மோர்மிளகாய் கடிக்கிற ஒரே கூட்டம் நாமதான்."

சாதம் என் மனைவி வடிவின் டப்பாவில் இருந்தது. ஜூனில் வரும்போது அவளுடைய எவர்சில்வர் டப்பாக்கள் இரண்டை எடுத்துவந்தேன். மூடியில் பெயர் வெட்டியிருக்கும்: கோ. சண்முகவடிவு, 12-6-79. பெயர் வெட்டியவர் கடைசி எழுத்துகளை இடமில்லாமல் நெருக்கிவிட்டார் என்று நாற்பது வருடம் குறை சொன்னாள்.

நவம்பர் 9-க்கு டிக்கெட். லிங்கமும் நானும் சேர்ந்து போகிறோம். 19-ஆம் தேதி வடிவின் தலைத்திவசம். இன்னும் ஐம்பத்தாறு நாள். தனியாகப் போகச் சொன்னால் என்னால் ஆகாது. வரும்போதே தோஹாவில் விமானம் மாறுகையில் வாசல் எண் தெரியாமல் நாற்பது நிமிடம் ஒரே இடத்தைச் சுற்றினேன். பக்கத்து இருக்கை அம்மாள்தான் தேடி வந்து கூட்டிப்போனார்.

செப்டம்பர் 17, செவ்வாய்

15 டிகிரி. லிங்கம் பதினொன்றரைக்கே ஆபீசிலிருந்து வந்துவிட்டான். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதைக் கார் நிறுத்தும் அறையில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"தலைவலிப்பா. ஹேமாகிட்டச் சொல்லாதீங்க, பயப்படுவா."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுத் திரும்பப் போனான். சாயங்காலம் ஹேமா கேட்டாள். "மாமா, பதினொன்றரைக்கு வாசக்கதவு திறந்ததா என் போன்ல வந்துச்சே?" நான்தான் காற்றுக்காகத் திறந்தேன் என்றேன். பொய். சிறியது.

செப்டம்பர் 18, புதன்

ஆதிரையின் கால்பந்துப் போட்டி. அவள்தான் கோல்காப்பாளர். ஒவ்வொரு புதனும் நான்கு மணிக்கு. ஹேமா குழந்தைகள் காப்பகத்தில் வேலை முடிந்து வந்து என்னைக் கூட்டிப்போகிறாள். மைதானத்தின் கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு கம்பிவேலி, வேலிக்கு அப்பால் கார்கள் நிற்கும் இடம், அதற்கு அப்பால் ஊர் நூலகம். படங்கள் 0251 முதல் 0290 வரை. பந்து எதிலும் இல்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

11 டிகிரி. மழை.

காலை எட்டரைக்கு எல்லோரும் போய்விடுகிறார்கள். மூன்றரை வரை நான். வாசக்கதவில் பாதுகாப்புக் கருவி ஒன்று இருக்கிறது. யார் எப்போது திறந்தாலும் ஹேமாவின் கைபேசிக்குச் செய்தி போகும். ஜூலையில் ஒருநாள் தெரியாமல் திறந்து, வீடே அலறி, அவள் வேலையிலிருந்து ஓடிவந்தாள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் அந்தக் கதவைத் தொடுவதில்லை. தொட்டாலும் போக இடமில்லை. சாலையில் நடைபாதை கிடையாது.

வீட்டில் பதினேழு ஜன்னல்கள். பத்து மணி முதல் பன்னிரண்டு வரை வெயில் கூடத்துக்கு வருகிறது. அப்போது ஜன்னல் சட்டத்தின் நிழலைப் படம் எடுக்கிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து ஆவுடையப்பன் பேசினான். காலையில் சேர்ந்து நடக்கிற நண்பன்.

"என்னவே, அமெரிக்கா உம்மைப் பிடிச்சு வச்சுக்கிட்டா? எப்பம் வாரீரு?"

"நவம்பர் பத்து, பதினொண்ணுல அங்க இருப்பேன்."

"அய்யரு கேட்டாரு. பத்தொன்பதுக்குச் சொல்லி வச்சிரவா?"

"சொல்லும்."

"மகன் வாரான்லா?"

"வராம? அவன்தானே செய்யணும்."

செப்டம்பர் 28, சனி

சாப்பிடும்போது லிங்கம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"அப்பா, நவம்பர்ல ஊருக்கு வர்றது கொஞ்சம் கஷ்டமா இருக்கும் போல. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ் இருக்கு. அம்மாவுக்கு இங்கயே கோயில்ல பண்ணிட்டா என்ன?"

சரி என்றேன். சாம்பார் ஊற்றிக்கொண்டேன். ஒரே பிள்ளை. முதல் வருடம். ஆபீஸ் வேலைதான் பெரிதாகப் போய்விட்டது. இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். இங்கே எழுதுகிறேன்.

அவன் இல்லாமல் என்னாலும் போக முடியாது.

அக்டோபர் 2, புதன்

12 டிகிரி. வெயில்.

ஆதிரை இன்று ஒரு பந்தைப் பிடித்தாள்! எதிரணிப் பெண் உயரமானவள், மூலையைப் பார்த்து அடித்தாள். இவள் பக்கவாட்டில் பாய்ந்து இரண்டு கையாலும் தட்டிவிட்டாள். ரேணுகா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "அங்கிள், எடுத்தீங்களா? எடுத்தீங்களா?" 0398 முதல் 0431 வரை எடுத்திருக்கிறேன். வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு. நாளை கணினியில் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 3, வியாழன்

10 டிகிரி.

பாய்ந்த படம் 0412. தேறவில்லை. கேமரா நடுப்புள்ளியில் இருப்பதைத்தான் குவியத்தில் பிடிக்கும். ஆதிரை பாய்ந்த கணத்தில் நடுப்புள்ளி காலியாகிவிட்டது. கேமரா அவளை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் இருந்ததைப் பிடித்துவிட்டது. அவள் ஒரு மஞ்சள் கறையாக விழுந்திருக்கிறாள். கம்பிவேலிக்கு அப்பால் நின்ற கார் துல்லியமாக இருக்கிறது. நீலநிறக் கார். இந்த ஊரில் நீலநிறக் கார்கள் நிறைய.

பெரிதாக்கிப் பார்த்தேன். எண் பலகை படிக்க முடிகிறது. உள்ளே ஒருவர். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியிருக்கிறார். வாய் திறந்திருக்கிறது. ஆதிரையின் பந்துக்காகத்தான் இருக்க வேண்டும். கண்ணாடிக்கு உள்ளே தனியாக. முன்பலகையில் வட்டமாக ஒரு எவர்சில்வர் பாத்திரம், வெயில் பட்டு மின்னுகிறது.

லிங்கத்தின் ஆபீஸ் இங்கிருந்து ஒரு மணி நேரம். புதன்கிழமை நான்கேகாலுக்கு அவன் அங்கேதான் இருப்பான். அவனுக்கு வெளிவேலை ஏதாவது இருந்திருக்கலாம். எண் பலகை அவன் காரின் எண்தான். சாயங்காலம் மூன்று முறை சரிபார்த்தேன்.

இரவுச் சாப்பாட்டில் ஆதிரை தன் பந்தைப் பற்றிச் சொன்னபோது லிங்கம் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டான். "எந்தப் பக்கம்டா பாஞ்சே?" என்றான். அவள் "லெஃப்ட்" என்றாள். நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் ஒருமுறை தேர்வு அறையில் ஒரு மாணவன் பார்த்து எழுதியதைக் கண்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன், மூன்று மணி நேரமும். அது ஞாபகம் வந்தது. ஏன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

7 டிகிரி.

அக்டோபர் 9, புதன்

8 டிகிரி. போட்டி. கோல் கம்பத்தின் பக்கம் கேமராவைத் திருப்பவில்லை. நடுமைதானத்தில் புல்லையும் நடுவரையும் எடுத்தேன். ரேணுகா வந்து, "என்ன அங்கிள், உங்க பேத்தி அந்தக் கடைசில நிக்கிறா" என்றார். கண்ணில் வெயில் அடிக்கிறது என்றேன்.

அக்டோபர் 12, சனி

6 டிகிரி. நியூ ஹாம்ப்ஷயர் மலைப்பாதையில் இலைகள் பார்க்கப் போனோம். முரளியின் வேன். லிங்கம் ஓட்டினான், முரளி அவன் பக்கத்தில். நான் நடு வரிசையில்.

இந்தச் சிவப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மலை முழுக்கக் குங்குமக் கிண்ணம் கவிழ்ந்ததுபோல என்று எழுதினேன், அடித்துவிட்டேன். எல்லோரும் பார்த்து மகிழும் இலைகள் உதிரப்போகிற இலைகள் என்பது மட்டும் எழுதத் தகுந்தது. பச்சையத்தின் வேதியியல் எனக்குத் தெரியும். ஆதிரையிடம் சொல்லத் தொடங்கினேன், அவள் காதில் பாட்டுக் கருவி இருந்தது.

வழியில் முரளி யாரையோ பற்றிச் சொன்னார். அவர் ஆபீசில் ஒரு தெலுங்குப் பையனுக்கு வேலை போய்விட்டதாம்.

"அப்புறம் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அறுபது நாள் அங்கிள். எங்க விசாவெல்லாம் கம்பெனியோட கட்டினது. வேலை போன தேதியிலிருந்து அறுபது நாளுக்குள்ள இன்னொரு கம்பெனி எடுத்துக்கணும். இல்லன்னா பொண்டாட்டி பிள்ளையோட மூட்டை கட்ட வேண்டியதுதான். பொண்டாட்டி வேலை பாத்தா அதுவும் சேர்ந்து போயிடும். வீட்டை வித்து, ஸ்கூலை மாத்தி... பாவம் அவன், நடுவுல ஊருக்குப் போயிட்டு வரவும் முடியாது. போனா திரும்ப உள்ள வர முடியாதுல்ல."

"ஊர்ல சாவு, கல்யாணம்னா?"

"போனா போனதுதான்."

லிங்கம் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மலைவளைவு, கவனமாக ஓட்ட வேண்டும். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான். விரல்களைப் படம் எடுத்தேன். 0477. வெளிச்சம் போதாது, ஆனால் துல்லியம்.

அக்டோபர் 13, ஞாயிறு

செப்டம்பர் 17-இலிருந்து அறுபது நாள் என்றால் நவம்பர் 16.

அக்டோபர் 14, திங்கள்

விடுமுறை. 5 டிகிரி.

யோசித்தேன். ஒருவருக்குப் பகலில் போக வேறு இடமில்லை என்றால், அவர் தன் வீட்டுக்கு வர முடியாமல் இருப்பது எதனால்? வீட்டில் வேறொருவர் இருப்பதனால். காலை எட்டரை முதல் மூன்றரை வரை இந்த வீட்டில் இருப்பது நான் ஒருவன்தான். நான் இங்கே அடைந்து கிடக்கிறேன் என்று இதுவரை நினைத்திருந்தேன். இப்படியும் இருக்கலாம்.

ஹேமாவிடம் கேட்டேன். "நாளையிலேருந்து காலையில என்னை லைப்ரரியில இறக்கி விடுதியாம்மா? சாயங்காலம் வரும்போது கூட்டிக்கிடு."

"அவ்வளவு நேரமா மாமா? போரடிக்காதா?"

"படிக்க நிறைய இருக்கு."

அவள் சந்தோஷப்பட்டாள். "நீங்களா ஒண்ணு கேட்டு இன்னிக்குத்தான் மாமா பார்க்கிறேன்." லிங்கம் அந்த நேரம் மாடியில் இருந்தான். அவனிடம் தனியாகச் சொல்லவில்லை. ஹேமா சொல்வாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

4 டிகிரி. நூலகத்தில் முதல் நாள். டோனா என்ற பெண்மணி உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்தார். என் பெயரை நான்கு முறை எழுத்துக் கூட்டிச் சொன்னேன். கோமதிநாயகம். அதற்குள் இருபது நிமிடம் ஆகிவிட்டது. பிறகு ஜன்னலோரத்தில் ஒரு நல்ல மேசை காலியாக இருந்தது, உட்கார்ந்தேன். நாற்காலி இன்னும் சூடாக இருந்தது. மின்சார இணைப்பு இருக்கிறது, ஹீட்டர் பக்கத்தில் இருக்கிறது. இதைவிட வசதி வேண்டாம்.

ஹேமா நேற்று லிங்கத்திடம் சொல்ல மறந்துவிட்டாளாம். பரவாயில்லை. இன்று தெரிந்திருக்கும்.

அக்டோபர் 16, புதன்

3 டிகிரி. ஹேமா காலையில் வடிவின் டப்பாவைத் தேடினாள். "உங்க லஞ்ச் டப்பா எங்கங்க?" லிங்கம், "ஆபீஸ்ல விட்டுட்டேன்" என்றான். அவனுக்கு பிளாஸ்டிக் டப்பாவில் கட்டிக் கொடுத்தாள். எனக்கு இன்னொரு எவர்சில்வர் டப்பா.

வீடு பகல் முழுவதும் காலியாக இருக்கிறது. அவன் இப்போது கூடத்து வெயிலில் உட்கார்ந்திருப்பான் என்று பத்து மணிக்கு நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 21, திங்கள்

4 டிகிரி. லிங்கத்துக்கு இருமல். ஆபீசில் ஏசி அதிகம் என்கிறான்.

அக்டோபர் 25, வெள்ளி

1 டிகிரி. புல்லில் உறைபனி. இருமல் இறங்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். "பகல்ல கொஞ்சம் படுத்து எந்திரி" என்றேன். இதற்குமேல் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவன் என்னைப் பார்த்தான். "ஆபீஸ்ல எங்கப்பா படுக்கிறது" என்றான்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. ஐந்து மணிக்கு எல்லோருக்கும் நான்தான் தலையில் எண்ணெய் வைத்தேன். லிங்கத்தின் உச்சியில் நரை. குனிந்து உட்கார்ந்து இருமினான். முதுகு எலும்பு தெரிகிறது. பிறகு சட்டைக்கு டை கட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினான். "இன்னிக்குமா?" என்றாள் ஹேமா. "இன்னிக்கு ஒரு முக்கியமான மீட்டிங்."

வடிவு போய் வருடம் திரும்பாத வீடு, எண்ணெய்க்கு மேல் எங்களுக்குத் தீபாவளி கிடையாது. ஆதிரைக்காக ஒரு கிலோ அதிரசம் ரேணுகா கொண்டுவந்தார்.

சாயங்காலம் அவன் டையைக் கழற்றிச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்திருந்தான். மீட்டிங் எப்படி என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 4, திங்கள்

நேற்று இங்கே எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் பின்னால் வைத்தார்கள். 2 டிகிரி.

பன்னிரண்டரைக்கு நூலகத் தாழ்வாரத்துப் பெஞ்சில் சாப்பிட்டேன். டோனா அந்தப் பக்கமாக வந்தவர் நின்றுவிட்டார். என் டப்பாவின் மூடியைப் பார்த்து, "இதில் ஏதோ எழுதியிருக்கிறதே" என்றார். என் மனைவியின் பெயர் என்றேன். எங்கள் ஊரில் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொள்வோம், கல்யாண வீடுகளில் மாறிப்போகாமல் இருக்க.

"இதேபோல ஒன்று எங்களிடம் இருக்கிறது, மூன்று வாரமாக."

விட்டுப்போன பொருட்கள் வைக்கும் அலமாரியிலிருந்து எடுத்துவந்தார். குடைகள், ஒற்றைக் கையுறைகளுக்கு நடுவே இருந்திருக்கிறது. கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். கோ. சண்முகவடிவு, 12-6-79. கடைசி எழுத்துகள் நெருங்கியிருந்தன.

"ஜன்னலோர மேசைக்காரருடையது" என்றார் டோனா. "செப்டம்பர் பாதியிலிருந்து தினமும் வருவார். கதவு திறக்கும்போது வாசலில் நிற்பார். நாள் முழுக்கக் கணினியில் விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருப்பார். மிகவும் மரியாதையானவர். ஒருநாள் திடீரென்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடினார். இதை விட்டுவிட்டார். நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. அன்றைக்கு உங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் நினைவிருக்கிறது. அதன்பிறகு வரவேயில்லை."

நாற்காலி சூடாக இருந்தது என்று எழுதியிருக்கிறேன். அக்டோபர் 15. என் கையால் எழுதியிருக்கிறேன்.

அவனுக்கு ஒரு இடம் இருந்திருக்கிறது. ஹீட்டர் பக்கத்தில், ஜன்னலோரத்தில். நான் அவனுக்கு வீட்டைக் காலி செய்து கொடுப்பதாக நினைத்து, அவனை அங்கிருந்து கிளப்பியிருக்கிறேன். அப்படியானால் இந்த மூன்று வாரம் அவன் வீட்டுக்காவது போயிருக்கலாமே என்று நினைத்தேன். அப்போதுதான் கதவு ஞாபகம் வந்தது. திறந்தால் ஹேமாவின் கைபேசிக்குச் செய்தி போகும். அதையும் செப்டம்பர் 24-இல் நானே எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன். எதையும் பார்க்கவில்லை.

டப்பாவை எடுத்துக்கொண்டேன். பின்வாசலைத் தள்ளிக்கொண்டு வெளியே போனேன். இந்த நாட்டில் யாரும் கூட வராமல் நான் தாண்டிய முதல் கதவு. கார்கள் நிற்கும் இடத்தைக் குறுக்கே கடந்தேன். ஒரு வண்டி நின்று எனக்கு வழிவிட்டது. நான் அதற்கு வழிவிட்டேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்றோம். பிறகு நான்தான் நடந்தேன்.

கடைசி வரிசையில் வேலியை ஒட்டி நீலநிறக் கார். இன்ஜின் ஓடவில்லை. கண்ணாடியெல்லாம் உள்ளிருந்து புகைபடிந்ததுபோல மங்கியிருந்தது. இருக்கையைச் சாய்த்து, ஆதிரையின் கால்பந்துப் போர்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். மடியில் கணினி.

டப்பாவின் மூடியால் கண்ணாடியைத் தட்டினேன். துள்ளி எழுந்தான். கண்ணாடியை இறக்கினான்.

"அப்பா! நீங்க எப்படி..."

"ஆபீஸ்ல விட்டுட்டேன்னியே. கிடைச்சிட்டு."

டப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் சுற்றிப் போய்ப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உள்ளேயும் வெளியில் இருக்கிற அதே குளிர். என்ன சொல்ல வேண்டும் என்று வரும் வழியில் இரண்டு வாக்கியம் தயார் செய்திருந்தேன். மறந்துவிட்டது.

"எப்பத்திலேருந்துப்பா தெரியும்?"

"போன மாசம் மூணாம் தேதி. முந்தின நாள் ஆதி பந்தைத் தட்டி விட்டப்ப ரெண்டு கையையும் தூக்கினேல்லா."

"போட்டோல விழுந்திருச்சா?"

"அவ மங்கிட்டா. நீதான் பளிச்சுனு விழுந்திருக்கே."

சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் கண்ணாடியில் படிந்த ஈரத்தைக் கையால் துடைத்தேன். கோல் கம்பம் தெரிந்தது.

"ஒரு மாசமா ஏம்ப்பா கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

"உங்ககிட்டச் சொன்னா நீங்க பயந்திருவீங்க."

"பயந்திருப்பேன். இப்பமும் பயமாத்தான் இருக்கு."

ஹேமாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவ வேலையும் என் விசாவைத் தொத்திக்கிட்டுதான்பா இருக்கு. ஒண்ணு கிடைச்சிட்டா, நடந்து முடிஞ்ச கதையாச் சொல்லிக்கலாம்னு. இன்னிக்குக் கிடைக்கும், நாளைக்குக் கிடைக்கும்னு... தீபாவளி அன்னிக்கு ஒண்ணு கடைசி வரைக்கும் வந்துச்சு. கார்லயே உக்காந்து பேசினேன். இன்டர்வியூவுல வீடியோவுல பேசினவன், உன் பின்னால என்ன கார் சீட்டான்னு கேட்டான்."

"உன்னை லைப்ரரியிலேருந்து விரட்டிட்டேனேடா."

"நீங்க என்னப்பா செய்வீங்க. அட்டை வாங்க நின்னீங்க. முதுகைப் பார்த்தேன். அவ்வளவுதான், ஓடிட்டேன்." டப்பாவை வாங்கி மூடியைத் தடவினான். "அம்மாவுக்கு வரமாட்டேன்னு சொன்னதும் இந்த விசாவாலதான். வேற ஒண்ணும் இல்ல. நீங்க சரின்னுட்டு சாம்பார் ஊத்திக்கிட்டீங்க. அன்னிக்கு நீங்க ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா நான் சொல்லியிருப்பேன்."

அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

பிறகு நான் பேசினேன். தொடர்ந்து இவ்வளவு நேரம் அவனிடம் பேசியது நினைவில்லை. "இன்னைக்கே ஹேமாகிட்டச் சொல்லணும். நான் பக்கத்துல இருக்கேன். ரெண்டாவது, ஒன்பதாம் தேதி நான் போறேன், தனியா. நீ பதினாறு வரைக்கும் இருந்து பாரு. வேலை கிடைச்சா பத்தொன்பதாம் தேதி இங்க கோயில்ல அம்மாவுக்குச் செய். கிடைக்கலைன்னா மூணு பேரும் அங்க வந்திருப்பிய, வீட்லயே செய். எங்க செஞ்சாலும் அவ ஒண்ணும் சொல்லமாட்டா."

"தோஹால மாறணும்ப்பா. தனியா எப்படி?"

"எழுதிக் கொடு. எனக்கு வாசிக்கத் தெரியும்லா."

இருவரும் நூலகத்துக்குள் போனோம். ஜன்னலோர மேசையில் அவனை உட்கார வைத்தேன். நான் எதிர் நாற்காலியில். டோனா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், மூக்கை, நெற்றியை.

நவம்பர் 5, செவ்வாய்

4 டிகிரி. நேற்று சாயங்காலம் சொல்லிவிட்டான். ஹேமா அவனோடு பேசவில்லை. சமையலறையில் என்னிடம் மட்டும் சொன்னாள்.

"வேலை போனதுக்கு நான் என்ன மாமா சொல்லப்போறேன். ஏழு வாரமா நான் கட்டிக் கொடுத்ததைக் கார்ல உக்காந்து ஆறிப்போய்த் தின்னிருக்காரு. வாசக்கதவைத் திறந்து வந்தா என் போன் கத்தும்னு பயந்துக்கிட்டு. அவர் வீடுதானே மாமா?"

இரவு சாப்பாட்டுக்கு முன் கதவிலிருந்த கருவியை அவளே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிவிட்டாள். பாதி கழற்றியதும் லிங்கம் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

நவம்பர் 6, புதன்

8 டிகிரி. வெயில். ஆதிரையின் கடைசிப் போட்டி. லிங்கம் மைதானத்துக்குள்ளேயே வந்து எங்களோடு நின்றான். தொண்டை கட்டிப்போகக் கத்தினான். ஆதிரை மூன்று கோல் விட்டாள், அவர்கள் தோற்றார்கள். அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, "அப்பா, எதுக்கு இன்னிக்குன்னு பார்த்து வந்தீங்க?" என்றாள்.

பிறகு லிங்கம், "எல்லாப் படத்தையும் நீங்களே எடுத்தா உங்களை யாரு எடுக்கிறது, கொடுங்க" என்று கேமராவை வாங்கினான். கோல் கம்பத்தின் அருகே நிற்கச் சொன்னான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "கொஞ்சம் இடதுபக்கம் நகருங்க" என்றான். நகர்ந்தேன். அந்நேரம் எடுத்துவிட்டான். எண் 0689.

நவம்பர் 10, ஞாயிறு. தோஹா

வெளியே எத்தனை டிகிரி என்று தெரியவில்லை. இங்கே ஜன்னல் திறக்காது.

லிங்கம் எழுதிக் கொடுத்த தாளில் பதினொரு குறிப்புகள். பத்துக்கு டிக் அடித்துவிட்டேன். விமான நிலையத்துக்குள்ளேயே ஓடும் ரயிலில் ஒருமுறை தவறாக ஏறினேன், திரும்பி வந்துவிட்டேன். வாசல் எண்ணை நான்கு முறை சரிபார்த்தேன், அதன் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன். விமானத்துக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். பையில் டப்பா இல்லை, இரண்டையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

லிங்கத்திடமிருந்து செய்தி: "புதன்கிழமை ஒரு இன்டர்வியூ. வீட்டிலிருந்தே பேசப்போறேன். கூடத்துல, அந்த ஜன்னல்கிட்ட." காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள், வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று பதில் போட்டேன்.

நேரம் போவதற்காகக் கேமராவில் 0689-ஐப் பார்த்தேன். தேறவில்லை. நான் நகர்ந்ததும் நடுப்புள்ளி காலியாகியிருக்கிறது. நான் மங்கல், ஒரு சாம்பல்நிறக் கறை. எனக்குப் பின்னால், கம்பிவேலிக்கு அப்பால், நீலநிறக் கார் துல்லியமாக விழுந்திருக்கிறது. பெரிதாக்கினேன். எண் பலகை படிக்க முடிகிறது. இருக்கையின் தையல்கூடத் தெரிகிறது.

உள்ளே யாரும் இல்லை.